இரண்டு இடது கை

எங்கள் அண்ணி இரண்டு இடது கை வெட்டியவள். தையல் தெரிந்தவர்கள் இதைக் கேட்டதுமே சிரித்துவிடுவார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சட்டைக்கு வலது கை வேறு, இடது கை வேறு. துணியின் உள்பக்கத்தில் அளவு அட்டையை வைத்துக் குறி போட்டு ஒரு கையை வெட்டியதும், அட்டையைத் திருப்பிப் போட்டு அடுத்த கையை வெட்ட வேண்டும். திருப்ப மறந்தால் இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கையாக வந்து நிற்கும். பத்தொன்பது வயதில், தையல் கூடத்தில் சேர்ந்த மூன்றாவது வாரம், அண்ணி அப்படி ஒரு சட்டையை வெட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கதை என் அண்ணன் காதில் விழுந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதை வைத்தே அவன் பொழுதை ஓட்டுகிறான். குழம்பில் உப்பு குறைந்தால்கூட, "இன்னிக்கு ரெண்டு இடது கையாலயும் சமைச்சியா?" என்பான்.

நேரில் நான் அண்ணியை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது 'அவள்' என்றுதான் வருகிறது. அவள் மேல் எனக்குப் பிரியமும் உண்டு, பற்களைக் கடிக்கிற அளவு கோபமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் மரியாதை கொஞ்சம் நழுவத்தான் செய்யும்.

தையல் கூடத்தை அவள் விட்டது ஒரு சண்டையில். ஒரு கட்டுச் சட்டைக்கு முழுவதும் கழுத்துப்பட்டை கோணலாக அமைந்துவிட்டது. மேற்பார்வையாளர், "தேய்ச்சு மடிச்சு அனுப்பு, போட்டுக்கிறவனுக்கு என்ன தெரியப்போகுது" என்றார். அண்ணி, "கழுத்து அவனோடதுதானே, அவனுக்குத்தான் தெரியும்" என்று பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் கத்தரிக்கோலையும் குறிபோடும் சக்கரத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் போகவில்லை.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். அறிவியல் கூடத்துக்கு உதவியாளர் வேண்டும் என்று எங்கள் பள்ளியில் பேச்சு வந்தபோது நான்தான் வாயைக் கொடுத்தேன். தற்காலிக வேலை; சில வருடம் ஒழுங்காகப் பார்த்தால் நிரந்தரம். அண்ணி வந்து சேர்ந்தாள். என் நிம்மதி போனது. உயரம் குறைவு, எப்போதும் உதட்டோரத்தில் இரண்டு குண்டூசி. பிள்ளைகள் ஒரே வாரத்தில் 'குண்டூசி அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயரும் பொருத்தம்தான். எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் குதித்து எழுந்திருப்பார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பெயிண்டரின் மகள். பிறவியிலேயே பார்வை கிடையாது. பேச்சு மட்டும் நிற்காது. அதனால் அண்ணி அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. பாடமெல்லாம் புள்ளி எழுத்தில் குத்தி எழுதிக்கொள்வாள். படம் வந்தால் மட்டும் ஆசிரியர்கள் அவளைப் பார்த்து, "நீ கேட்டுக்கிட்டு இரும்மா" என்பார்கள். ஒரு நாள் அறிவியல் கூடத்தில் எல்லாரும் இலையின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டிருந்தார்கள். இவள் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி பக்கத்தில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எல்லாரும் என்ன பண்றாங்க?"

"இலையோட படம் வரையிறாங்க."

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

அண்ணி கையிலிருந்த குழாயைக் கழுவாமலே கீழே வைத்தாள். மறுநாள் காலையில் ஒரு அட்டையோடு வந்தாள். அதில் கெட்டி நூலை ஒட்டி ஒரு இலை செய்திருந்தாள், நரம்பெல்லாம் வைத்து. வாயாடி விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இது என்ன, புழுக் கூட்டமா?"

அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் மறுநாள் இன்னொன்று வந்தது. இந்தத் தடவை ஓரத்துக்குத் தடித்த கயிறு, நரம்புக்கு மெல்லிய நூல், நடுவில் எதுவும் இல்லை. "இப்பதான் இலை" என்றாள் வாயாடி. கண்ணால் பார்க்கும்போது அழகாக இருக்கும் நெருக்கமெல்லாம் விரலுக்கு வெறும் குழப்பம் என்பதை அண்ணி அப்படித்தான் கற்றுக்கொண்டாள். திட்டுவாங்கித்தான்.

பிறகு அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. மலைக்கு உப்புத்தாள். ரயில் பாதைக்குப் பழைய பாவாடையிலிருந்து பிரித்த ஜிப்பு. தடவினாலே தண்டவாளம் தெரியும். ஊருக்குச் சட்டைப் பட்டன், துறைமுகத்துக்கு அழுத்து பட்டன். அண்ணன் ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது கால்சட்டையில் ஜிப்பு இல்லை. "எங்கடி போச்சு?" என்று கத்தினான். "ரயில் விட்டிருக்கேன்" என்றாள் அண்ணி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பதிலுக்கு வாயாடி அவளுக்குப் புள்ளி எழுத்து கற்றுக்கொடுத்தாள். தாளைச் சட்டத்தில் மாட்டி, பின்பக்கமாக, வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். எடுத்துத் திருப்பினால் முன்பக்கம் புள்ளி எழும்பி நிற்கும், இடமிருந்து வலமாகப் படிக்கலாம். தப்பாகக் குத்திவிட்டால் அந்தப் புள்ளியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி நீவினால் போதும், மட்டமாகிவிடும். அண்ணியின் முதல் பக்கத்தை வாயாடி நீவியே தட்டையாக்கிவிட்டாளாம். எனக்கு அதைக் கேட்டதில் அப்படி ஒரு திருப்தி.

ஒன்பதாம் வகுப்பின் நடுவில் அந்தப் படிவம் வந்தது. விலக்குப் படிவம். படம், வரைபடம் சார்ந்த கேள்விகளிலிருந்து மாணவிக்கு விலக்கு. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். கேட்பதற்கு நல்லதுதானே என்று தோன்றும். அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: விலக்குப் பெற்றவர் மேல்வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர இயலாது. நான் தட்டச்சு செய்து செய்து பழகிய வரி. அதுவரை ஒருநாளும் அதை நின்று படித்ததில்லை.

வாயாடிக்கு அறிவியல்தான் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். தலைமையாசிரியைக்கு முன்னால் நின்று, "எனக்கு விலக்கு வேண்டாம் மேடம். படம்தான் வேணும்" என்றாள்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. அது ஒன்றுதான் அவரோடு சண்டை போடுவதில் சிரமம். "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்பார், உண்மையாகவே. வாயாடியின் அப்பாவும் அதே கட்சி. கையெல்லாம் சுண்ணாம்பும் சாயமுமாக வந்து நின்று, "இவ ஏற்கெனவே எவ்வளவோ கஷ்டப்படறா. இதுலயாச்சும் சும்மா விடலாமேன்னு பாத்தேன்" என்றார்.

அண்ணி கதவருகே நின்றிருந்தாள். கூப்பிடாமலே பேசினாள். "அரையாண்டுத் தேர்வு வருது. வரைபடக் கேள்வியை நான் அட்டையில செஞ்சு குடுக்கறேன். பாஸ் பண்ணலேன்னா கையெழுத்துப் போடுங்க. பண்ணிட்டா அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போடுங்க."

யாரும் எதிர்பாராமல் தலைமையாசிரியை, "சரி" என்றார்.

வினாத்தாள் முத்திரை வைத்த உறையில் வரும். தேர்வுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பிரித்து அண்ணியிடம் கொடுப்பது; அவள் அலுவலக அறையை விட்டு வெளியே போகக் கூடாது; வாயாடியை அவள் பார்க்கவே கூடாது. காவலுக்கு நான். "அண்ணியாச்சேன்னு பாக்காதே, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காரு" என்று தலைமையாசிரியை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வரைபடம் ஒரு கற்பனைத் தீவு. நடுவில் மலை, ஒரு ஆறு, ஒரு ரயில் பாதை, ஐந்து ஊர், ஒரு துறைமுகம். பத்துக் கேள்வி. நூல் ஒட்டினால் காயாமல் விரலோடு வந்துவிடும் என்று, அண்ணி அன்றைக்குத் தன் பழைய குறிபோடும் சக்கரத்தைக் கொண்டுவந்திருந்தாள். பல் வைத்த சின்னச் சக்கரம். கெட்டி அட்டையின் பின்பக்கம் வைத்து உருட்டினால் முன்பக்கம் வரிசையாகப் புள்ளி எழும்பும். வட்டம், முக்கோணம் என்று கணக்குப் பாடத்துக்கு நிறைய அப்படிச் செய்திருக்கிறாள். அச்சடித்த படத்தை அட்டையின் பின்பக்கத்தில் வைத்துக் குண்டூசி குத்தி, கரையோரத்தை உருட்டினாள். ஆற்றை உருட்டினாள். ஊர் இருக்கும் இடங்களில் ஊசியால் அழுத்தினாள். பிறகு அட்டையைத் திருப்பி, புள்ளி எழும்பிய இடத்தில் பட்டன்களையும் ஜிப்பையும் உப்புத்தாளையும் ஒட்டினாள். கை அப்படிப் பறந்தது. நான் விளக்கெண்ணெய் விட்ட கண்ணோடு அவளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அட்டை தயார்.

வாயாடி தடவித் தடவிப் பதில் சொல்ல, கீழ்வகுப்புப் பெண் ஒருத்தி எழுதினாள். வெளியே வந்தபோது வாயாடியின் முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, ஒரு இடத்துலகூட விரல் தடுமாறல" என்றாள்.

நான்கு நாள் கழித்து மதிப்பெண் வந்தது. பத்துக்கு நான்கு. தேர்ச்சிக்கு ஐந்து வேண்டும்.

புவியியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பூகோளம். வயிற்றைப் பார்த்தால் காரணம் கேட்க வேண்டியிருக்காது. அவர் விடைத்தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "பாவம்மா, நல்லாப் படிக்கிற பொண்ணுதான். என்ன பண்றது" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். தலைமையாசிரியை, திங்கட்கிழமை அப்பாவை வரச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். கையெழுத்துக்கு.

நான் விடைத்தாளை எடுத்துக்கொண்டு அறிவியல் கூடத்துக்குப் போனேன். அண்ணி அதை நின்றபடியே படித்தாள். உதட்டோரத்துக் குண்டூசிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். மறுபடி படித்தாள்.

"துறைமுகம் மலைக்கு எந்தப் பக்கம்? கிழக்குன்னு எழுதியிருக்கா, தப்பு. ஆறு எந்தக் கடல்ல சேருது? மேற்குன்னு எழுதியிருக்கா, தப்பு" என்று முணுமுணுத்தாள். "வடக்கு, தெற்கு கேட்ட நாலும் சரி. கிழக்கு, மேற்கு கேட்ட ஆறும் தப்பு." அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி?"

"திருப்பலடி. படத்தைத் திருப்பிப் போட்டு உருட்டியிருக்கணும். பின்பக்கத்துல நேராவே வெச்சு உருட்டிட்டேன். முன்னால திருப்பினா கிழக்கு மேற்காயிடுச்சு."

வட்டத்துக்கும் முக்கோணத்துக்கும் இடம் வலம் மாறினாலும் தெரியாது. அதனால் அந்தத் தப்பு இவ்வளவு நாள் ஒளிந்திருந்தது. தெரிந்த நாட்டின் படமாக இருந்திருந்தால் வாயாடியே பிடித்திருப்பாள். கற்பனைத் தீவில் அவள் எதை வைத்துப் பிடிப்பாள்? கையில் கொடுத்ததை அப்படியே நம்பியிருக்கிறாள்.

இரண்டு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற எனக்கு.

அன்று மாலை அண்ணன், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வழக்கம்போல, "என்ன, மறுபடி ரெண்டு இடது கையா?" என்றான். அண்ணி, "ஆமா" என்றாள். இருபது வருடத்தில் அந்தக் கேலி முதல்முறையாக அவனையே சுட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டான். அந்த வருடம்தான் அவளுடைய வேலை நிரந்தரமாக வேண்டிய வருடம். கேட்டது தப்பில்லை, நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வாயாடிக்குத் தெரிய வேணாமா?" என்றாள் அண்ணி. "தன் கை தப்பா படிச்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அந்தக் கை தப்பே பண்ணல."

மறுநாள் தலைமையாசிரியையின் அறை. அண்ணி அட்டையையும் அச்சுப்படத்தையும் எடுத்துக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போனாள். அச்சுப்படத்தின் முகத்தைக் கண்ணாடிப் பக்கமாக வைத்து அழுத்தினாள். வெளிச்சத்தில் தாளின் பின்பக்கம் படம் தெரிந்தது. அதன் பக்கத்தில் அட்டையை வைத்தாள். இரண்டும் ஒன்று. தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அவ கையில இருந்த படத்துக்குப் பத்துக்குப் பத்து சரியாச் சொல்லியிருக்கா மேடம். தப்பு என்னோடது."

"நானும் இதைத்தாம்மா பயந்தேன்" என்றார் தலைமையாசிரியை. குரலில் கோபம்கூட இல்லை. "இன்னிக்குக் கிழக்கு மேற்கு மாறிச்சு. நாளைக்குப் பொதுத்தேர்வுல வேற எதாவது மாறினா? ஒருத்தியோட கைப்பிழைய நம்பி அந்தப் பொண்ணோட எதிர்காலத்தை விடச் சொல்றீங்களா? விலக்கு வாங்கிட்டா இந்த வம்பே இல்லையே."

"அச்சடிச்ச கேள்வித்தாள்ல பிழையே வந்ததில்லையா மேடம்? போன வருசம் கணக்குல வந்துச்சே. எல்லாப் பிள்ளைங்களுக்கும் கணக்குலேர்ந்து விலக்குக் குடுத்தோமா?"

நான் கதவருகே நின்று தலையில் அடித்துக்கொண்டேன். தலைமையாசிரியையின் முகம் சிவந்தது.

"தேர்வுப் பொருளைத் தப்பாச் செஞ்சேன்னு எழுதிக் குடுங்க. அப்புறம் பேசலாம்."

"குடுக்கறேன். மெமோ எனக்குக் குடுங்க. விலக்கை அவளுக்குக் குடுக்காதீங்க."

அந்தக் கடிதத்தை யார் தட்டச்சு செய்வது? நான்தான். அண்ணி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். 'என் கவனக்குறைவால்' என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது. "நேரம் போதலேன்னு போடலாமே அண்ணி" என்றேன். "போதும்னுதானே நான் ஒத்துக்கிட்டேன். அடி" என்றாள். கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரியைச் சேர்த்தாள்: 'மாணவி தனக்குக் கொடுக்கப்பட்ட படத்தின்படி எல்லா வினாக்களுக்கும் சரியாக விடையளித்துள்ளார்.' அதைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னாள். போட்டேன். விசைப்பலகை மங்கலாகத் தெரிந்தது, இருந்தும் ஒரு எழுத்துப் பிழை வரவில்லை. வந்திருந்தால் அவள் என்னை விட்டிருக்கமாட்டாள்.

பதில் மாலைக்குள் வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். 'அறிவியல் கூட உதவியாளர் இனி மாணவர்களுக்கான எந்தப் பாடப்பொருளையும் தயாரிக்கவோ தொடவோ கூடாது. நிரந்தரப் பணிக்கான பரிந்துரை நிறுத்திவைக்கப்படுகிறது.'

காரியம் அதோடு முடிந்திருக்கும். குறுக்கே வந்தது பூகோளம். மனிதர் சோம்பேறி, ஆனால் தன் பாடத்தில் யாரும் கை வைத்தால் பொறுக்கமாட்டார். கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு, அட்டையை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். ஜிப்பை ஏற இறங்க இரண்டு தடவை தடவினார், கொஞ்சம் ஆசையாகவே. பிறகு தலைமையாசிரியையிடம் போய், "நான் தப்புப் போட்டது அந்தப் பொண்ணுக்கு இல்ல மேடம், அட்டைக்கு. என் பாடத்துல மார்க் போடறது நான். பத்துன்னு திருத்தப்போறேன்" என்றார். அவர் முடியாது என்றார். இவர் முடியும் என்றார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு உடன்பாடு வந்தது: திங்கட்கிழமை, அப்பாவின் எதிரிலேயே, வேறு ஒரு கற்பனைப் படத்தில் மறுதேர்வு. ஆனால் அண்ணி அட்டையைத் தொடக் கூடாது.

"அப்ப யார் செய்வாங்க?" என்றார் பூகோளம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குப் பட்டன் தைக்கக்கூட வராது. என் கல்யாணத்தில் அண்ணி சொன்ன வாழ்த்தே, "மாப்பிள்ளைக்குச் சட்டை கிழியாம இருக்கணும்" என்பதுதான்.

வாயாடியிடம் நடந்ததைச் சொல்ல அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சொல்லி முடித்ததும் அந்தப் பெண் அழுவாள் என்று நினைத்தேன். அவள் மேசையில் கையால் அடித்துச் சிரித்தாள்.

"பின்னாலேர்ந்து குத்தினா இடமும் வலமும் மாறும்னு எனக்கு ஒண்ணாம் கிளாஸ்லயே தெரியும்க்கா! நான் தினம் அப்படித்தானே எழுதறேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." பிறகு சிரிப்பு நின்றது. குரல் மாறியது. "எங்கிட்ட கேக்கக் கூடாதுன்னு தானே பூட்டி வெச்சாங்க. மூணு நாளா என் விரலைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அண்ணி அந்த விரல்களை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "என்னைத் திட்டு" என்றாள்.

"உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது? இதைக் கேளுங்க. அச்சுப்படத்துல வலது மேல் மூலையை வெட்டிடுங்க. அட்டையிலயும் அது எனக்கு வலது மேல் மூலையா இருக்கிற மாதிரி வெட்டுங்க. ரெண்டு வெட்டும் ஒண்ணா உக்காந்தாத்தான் உருட்டணும். படத்தைத் திருப்பாம வெச்சா வெட்டு பொருந்தாது."

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருபது வருடத் தையலுக்குத் தோன்றாதது.

திங்கட்கிழமை. அண்ணி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு. நான் உள்ளே சக்கரத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். முதலில் அவசரத்தில் படத்தை நேராகவே அட்டையின் முதுகில் வைத்தேன். மூலை பொருந்தவில்லை. அட்டையின் வெட்டு ஒரு பக்கம், படத்தின் வெட்டு மறுபக்கம். படத்தைக் கவிழ்த்து, ஜன்னலில் வைத்து, பின்பக்கம் தெரிந்த கோட்டின்மேல் பென்சில் ஓட்டி, மறுபடி வைத்தேன். பொருந்தியது. உருட்டினேன்.

வாயாடி அட்டையை வாங்கியதும் முதலில் மூலையைத் தொட்டாள். "சரி" என்றாள். பிறகு தடவிக்கொண்டே, "இது யார் செஞ்சது? ரயில் குடிச்சிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றாள். அவள் அப்பா முதல்முறையாகச் சிரித்தார். பத்துக் கேள்வியைப் பூகோளம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது. கிழக்கு. தென்மேற்கு. மலைக்கு வடக்கே. ஆற்றின் இடது கரையில். பத்தும் சரி.

தலைமையாசிரியை மேசை இழுப்பறையிலிருந்து விலக்குப் படிவத்தை எடுத்தார். பிறகு, "இந்த வாட்டி சரி. முழுஆண்டுத் தேர்வுக்கு யார் உத்தரவாதம்? ஐயா, நீங்க எதுக்கும் கையெழுத்துப் போட்டு வெச்சிருங்க. வேணும்னாப் பாத்துக்கலாம்" என்று படிவத்தை அப்பாவின் பக்கம் தள்ளினார். தேறினால் படிவத்தைக் கிழிப்பது என்ற பேச்சு என்ன ஆயிற்று என்று நான் வாயைத் திறக்கப்போனேன். அப்பா பேனாவை எடுத்துவிட்டார். சாயக் கறை படிந்த விரல்கள்.

"அப்பா, அது என்ன தாள்? குடுங்க" என்றாள் வாயாடி. வாங்கி இரண்டு பக்கமும் தடவினாள். "இதுல ஒண்ணுமே இல்லையே. வழுவழுன்னு இருக்கு. என்னைப் பத்தி என்னமோ எழுதியிருக்கு, எனக்குத் தெரியாம எப்படிக் கையெழுத்து?"

"நான் படிச்சுக் காட்டறேம்மா" என்றார் தலைமையாசிரியை.

"நீங்க படிச்சுக் காட்டறது வேற, நான் படிக்கறது வேற மேடம். எனக்குப் புள்ளி எழுத்துல வேணும். படிச்சிட்டுச் சொல்றேன்."

அப்பா பேனாவை மூடினார். "ஆமாங்க. அவ படிக்கட்டும்" என்றார்.

பள்ளியில் புள்ளி எழுத்து தெரிந்த பெரியவர் ஒரே ஒருவர். தலைமையாசிரியை வராந்தாவைப் பார்த்தார். "ஏம்மா, இதை அடிச்சுக் குடுக்க முடியுமா?"

அண்ணி எழுந்திருக்கவில்லை. "எந்தப் பாடப்பொருளையும் தொடக் கூடாதுன்னு உங்க கையெழுத்துல இருக்கே மேடம்."

தடையை நீக்கும் உத்தரவை நான் அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எதையும் அடித்ததில்லை. நிரந்தரம் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை, இன்றுவரை இல்லை. அண்ணி இன்னும் தற்காலிகம்தான்.

படிவத்தைக் குத்தி முடிக்க அண்ணிக்கு இரண்டு நாள் ஆனது. சின்ன எழுத்தில் இருந்த வரியையும் விடவில்லை. எல்லாம் ஒரே அளவுப் புள்ளிதான். வலது மேல் மூலையை வெட்டி, வாயாடியின் கையில் கொடுத்தாள். அப்பா, தலைமையாசிரியை, பூகோளம், நான், எல்லாரும் நின்றிருந்தோம். வாயாடி முதல் வரியிலிருந்து விரலை ஓட்டி, உரக்கப் படித்தாள்.

"மேற்படி மாணவியால் படம் சார்ந்த வினாக்களுக்கு விடையளிக்க இயலாது என்பதை..."

விரல் நின்றது. ஒரு வார்த்தை பின்னால், 'இயலாது' என்ற இடத்துக்குப் போனது. மறுபடி தடவியது. பிறகு அவள் கட்டைவிரலை மடக்கி, நகத்தை அந்த வார்த்தையின்மேல் வைத்து அழுத்தி நீவ ஆரம்பித்தாள். ஒவ்வொரு புள்ளியாக, அவசரமே இல்லாமல். முடித்ததும் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். வழுவழுவென்று இருந்தது. தாளைத் தலைமையாசிரியையின் பக்கம் நீட்டினாள்.

"பிழை இருந்துச்சு மேடம். திருத்திட்டேன்."

அண்ணி உதட்டோரத்தில் குண்டூசிகளைச் செருகிக்கொண்டு, சோதனைக் குழாய் கழுவப் போனாள்.